காதுக்குப் பின்னால் ஒரு பொட்டு

என் மனைவிக்கு நான் பயப்படுவேன் என்று யாராவது முன்பே சொல்லியிருந்தால், பெண்டாட்டிக்குப் பயப்படாதவன் ஊரில் எவன் இருக்கிறான் என்று சிரித்துவிட்டுப் போயிருப்பேன். அது வேறு பயம். நான் சொல்வது, சமையலறையில் அவள் நின்றுகொண்டிருக்கும்போது எங்கள் ஐந்து வயது மகள் அந்தப் பக்கம் ஓடினால் நெஞ்சை அடைக்கிற பயம்.

அவள் பெயர் சண்முகக்கனி. கனி என்றுதான் கூப்பிடுவோம். தூத்துக்குடியில் ஒரு தனியார் மருத்துவமனையில் டோக்கன் கொடுக்கும் கவுண்டரில் வேலை. வலியோடு வருகிறவர்கள், குடித்துவிட்டு வருகிறவர்கள், டாக்டர் இன்னும் வரவில்லையா என்று கண்ணாடியைத் தட்டுகிறவர்கள், எல்லோரும் திட்டுவது அவளைத்தான். ஒருநாள்கூட அவள் குரல் உயர்ந்ததில்லை. பெண் பார்க்கப் போனபோதே அவளுடைய அப்பா பெருமையாகச் சொன்னார். "எம் பொண்ணுக்குக் கோவம்னா என்னன்னே தெரியாது மாப்ள. ரொம்பப் பொறுமை. அடிச்சாக்கூட வாயத் தொறக்க மாட்டா." நல்ல இடம் என்று நினைத்துக்கொண்டு கேசரியை வழித்துச் சாப்பிட்டேன். அந்த 'அடிச்சாக்கூட' என் காதில் விழவே இல்லை.

ஒரே ஒரு விஷயத்தில் அவளுக்குப் பிடிவாதம். பின்னலை யாரும் தொடக் கூடாது. பூ வாங்கி வந்தால் கையில் வாங்கி அவளே வைத்துக்கொள்வாள். கல்யாணமான புதிதில் நான் பின்னால் போய் வைத்துவிடப் பார்த்தேன். அவள் உடம்பு அப்படியே மரக்கட்டையாக விறைத்துவிட்டது. வெட்கப்படுகிறாள் என்று எடுத்துக்கொண்டேன். எனக்கு எல்லாமே அப்படித்தான் புரியும்.

பேச்சி எங்கள் வீட்டுக்கு வந்தது இப்படித்தான். கனியின் அண்ணன் மகள் அவள். பதினாறு வயது. அம்மா எப்போதோ வீட்டை விட்டுப் போய்விட்டாள், அப்பா குடித்தே செத்தார். பெயரில்தான் பேச்சு, வாயில் கிடையாது. ஒருநாள் பள்ளிப் பேருந்தில் ஏறும்போது, பேருந்து உதவியாளர் 'சீக்கிரம் ஏறு தாயி' என்று அவள் பின்னலைப் பிடித்து விளையாட்டாக இழுத்திருக்கிறார். கையிலிருந்த ஸ்டீல் தண்ணீர் பாட்டிலால் திரும்பி அடித்துவிட்டாள். ஒரு அடி இல்லை, பல அடி. அந்த மனிதருக்கு ஒரு கண் போய்விட்டது. இரண்டு பிள்ளைகளின் தகப்பன், ஒருவரிடமும் வம்புக்குப் போகாதவர். ஏன் அடித்தாய் என்று கேட்டதற்குப் பேச்சி சொன்னது ஒரே வரி. "எங்கப்பான்னு நெனச்சேன்." அப்பா செத்து ஒரு வருடம் ஆகியிருந்தது.

சிறார் நீதிக் குழுமம் அவளைச் சீர்திருத்த இல்லத்துக்கு அனுப்பத் தயாராக இருந்தது. அப்போதுதான் நன்னடத்தை அலுவலர் ஆக்னஸ் மேடம் எங்களைக் கூப்பிட்டு 'உயிர்ப்பிணை' பற்றிச் சொன்னார். சட்டம் வந்து இரண்டு வருடம்தான் ஆகியிருந்தது. ஜனங்கள் அதை ஜாமீன் பொட்டு என்பார்கள்.

ஆக்னஸ் மேடம் ஐம்பது வயதுக்காரர். ஒரு நாளைக்குப் பத்துத் தடவையாவது இதைச் சொல்லியிருப்பார், ஆனாலும் அலுக்காமல் சொன்னார். "சின்ன வயசுல தினம் அடி வாங்கின பிள்ளையோட மூளை எப்பவும் வாசல்லயே நிக்கும் சார். யார் வர்றா, எப்ப விழும்னு பார்த்துக்கிட்டே இருக்கும். உள்ள வந்து உக்காந்து யோசிக்க அதுக்கு நேரமே கெடைக்காது. ஆனா அடி வாங்கின பிள்ளைங்க எல்லாரும் அடிக்கிறதில்ல. கை ஓங்குறதுக்கும் அடிக்கிறதுக்கும் நடுவுல ஒரு மூச்சு இருக்கு. அந்த ஒரு மூச்சு இருக்கிற பிள்ளை தப்பிச்சிரும். இல்லாத பிள்ளை என்கிட்ட வரும்."

"அந்த மூச்சை நீங்க குடுப்பீங்களா?" என்று கேட்டேன்.

"நான் எங்க சார் போவேன்? ஜாமீன் நிக்கிறவங்ககிட்ட இருந்து வாங்கிக் குடுப்போம். ரெண்டு பேர் காதுக்குப் பின்னாலயும் ஒரு பொட்டு ஒட்டுவோம். இந்தப் பிள்ளைக்குக் கோவம் வரும்போது அவங்களோட நிதானம் இதுக்குள்ள வந்து நிக்கும். எவ்வளவு தூரத்துல இருந்தாலும் சரி."

எனக்குப் புரிந்தது. நான் தெப்பக்குளத்துக்குப் பக்கத்தில் ஆட்டோ, ஸ்கூட்டர்களுக்குப் பேட்டரி மாற்றிக் கொடுக்கும் கடை வைத்திருக்கிறேன். காலியான பேட்டரியோடு நிறைந்த பேட்டரியை இணைத்தால் நிறைந்ததிலிருந்து காலியானதற்கு ஓடும். இதில் என்ன பெரிய விஞ்ஞானம்?

அப்படியென்றால் ஜாமீன் நிற்பவருக்கு ஒன்றும் ஆகாதா என்று கேட்டேன். கொஞ்சம் அசதியாக இருக்கும், நன்றாகச் சாப்பிட்டுத் தூங்கினால் போதும் என்றார். ஆறு மாதம்தான் காலம். அதற்குள் பிள்ளை தானாகவே பழகிக்கொள்ளும். கையைப் பிடித்து எழுதவைத்தால் பிறகு தானே எழுதுகிறதல்லவா, அது மாதிரி என்றார். நடுவில் ஆள் மேல் கை வைத்தால் ஜாமீன் ரத்து, நேராக இல்லம். சின்னத் தப்பு என்றால் காலம் நீளும். போன மாதம் ஒரு பையன் பஸ் கண்ணாடியை உடைத்தானாம், ஆறு மாதம் கூட்டியிருக்கிறார்கள். ஜாமீன் நிற்பவராகவே விலகிக்கொண்டாலும் பிள்ளை அன்றைக்கே இல்லத்துக்குப் போக வேண்டும். பேச்சி மூலையில் உட்கார்ந்து நகத்தைக் கடித்துக்கொண்டிருந்தாள். கேட்டுக்கொண்டிருக்கிறாள் என்றே நான் நினைக்கவில்லை.

ஜாமீன் நிற்க ஒரு பரீட்சை உண்டு. ஐஸ் தண்ணீரில் கையை வைத்துக்கொண்டு உட்கார வேண்டும். பின்னாலிருந்து ஒரு ஆண் குரல் கெட்ட வார்த்தையில் திட்டும், கதவு அறையும், பாத்திரம் உருளும். நான்தான் முதலில் உட்கார்ந்தேன். முதல் சத்தத்துக்கே தண்ணீரைக் கொட்டிவிட்டு எழுந்துவிட்டேன். எனக்கு நூற்றுக்கு முப்பத்தொன்று. கனி உட்கார்ந்தாள். ஐஸில் விரல் நீலம் பாரித்தது, பின்னால் அந்தக் குரல் கத்தியது, கனி கண்ணைக்கூடச் சிமிட்டவில்லை. தொண்ணூற்றெட்டு. ஆக்னஸ் மேடம் எழுந்து நின்று அவள் கையைத் துடைத்துவிட்டார். இப்படி ஒரு மதிப்பெண்ணை இந்த மாவட்டத்தில் பார்த்ததில்லை என்றார். எனக்குப் பெருமையாக இருந்தது. அந்தப் பொறுமை எங்கே விளைந்தது என்று அந்த அறையில் யாரும் கேட்கவில்லை.

ஒட்டிவிட்டார்கள். கறுப்பாக, மிளகு அளவுக்கு, இருவருக்கும் இடது காதுக்குப் பின்னால். எங்கள் மகளின் பெயர் வேனில். அவள் அதைப் பார்த்துவிட்டு, "அம்மாக்கும் திருஷ்டிப் பொட்டா?" என்று கேட்டாள்.

முதல் இரண்டு மாதம் நன்றாகத்தான் இருந்தது. பேச்சி சாப்பிட்டாள், தூங்கினாள். தொழிற்பயிற்சி நிலையத்தில் மோட்டார் காயில் சுற்றக் கற்றுக்கொண்டாள். வேனிலுக்கு ரப்பர் பாண்டில் கோலம் போட்டுக் காட்டினாள். ஒருநாள் என் கடைக்கு வந்து, ஒரு மோட்டாரைப் பிரித்துப் பார்த்து, "மாமா, சுத்துனவன் அவசரத்துல சுத்திருக்கான்" என்றாள். அவள் பேசிய முதல் நீளமான வாக்கியம் அது. கனியிடம் சொன்னேன். கனி அழுதாள். சந்தோஷத்தில்தான் என்று எடுத்துக்கொண்டேன்.

பிறகு ஒருநாள் கனியின் கையில் கண்ணாடி டம்ளர் உடைந்தது. நழுவி விழவில்லை. அவள் பிடித்திருந்த பிடியிலேயே உடைந்தது. கண்ணாடி உள்ளங்கைக்குள் போய்விட்டது. பால் காய்ச்சிக்கொண்டிருந்தேன், பக்கத்து வீட்டில் யாரோ கதவைச் சாத்தினார்கள், அவ்வளவுதான் என்றாள்.

மருத்துவமனையில் ஒரு பெரியவரைப் பார்த்து அவள் கத்தினாள் என்று அவளோடு வேலை பார்க்கும் பெண் என்னிடம் சொன்னபோது நான் நம்பவில்லை. அந்த வாரமே காய்கறிக்காரனிடம் கத்தினாள். நான் செருப்பை வாசலில் குறுக்கே விட்டதற்கு, செருப்பை எடுத்துக்கொண்டு என் முன்னால் வந்து நின்றாள். அடிக்கவில்லை. ஆனால் நின்றாள். அவள் மூச்சு விடுகிற சத்தம் கேட்டது. பிறகு குளியலறைக்குள் போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டாள். பெண்டாட்டிக்குப் பயப்படுகிறவன் என்று ஜோக் அடிப்பதை நானும் நிறுத்தினேன்.

ஒரு காலையில் நான் கடைக்குக் கிளம்பும்போது ஒரு துணிப் பையைக் கொண்டுவந்து கொடுத்தாள். திறந்து பார்த்தேன். வீட்டிலிருந்த கத்திகள், அரிவாள்மனை, கத்தரிக்கோல், எல்லாம் உள்ளே இருந்தன.

"எல்லாத்தையும் கடையிலயே வச்சிருங்க. வீட்டுல வேண்டாம்" என்றாள்.

பேச்சிக்காகவா என்று கேட்டேன். இல்லை என்று தலையாட்டினாள்.

"எங்கப்பா என்னையப் பின்னலப் புடிச்சுத்தான் இழுத்துட்டுப் போவாரு, கெணத்தடிக்கு. எங்கண்ணன் அதப் பாத்துதான் படிச்சான். நான் அதெல்லாம் மறந்துட்டேன்னு நெனச்சேங்க. மறக்கல. மேல ஒக்காந்து அமுக்கி வச்சிருந்தேன், அவ்வளவுதான். இப்ப எந்திரிச்சுட்டேன்."

பத்து வருடக் குடித்தனத்தில் அன்றைக்குத்தான் எனக்கு இதைச் சொல்கிறாள். உடனே ஜாமீனிலிருந்து விலகிவிடலாம் என்றேன்.

"அவள அங்க அனுப்பவா? போனா அவ கதெ முடிஞ்சிரும். எனக்கு ஒருத்தரும் வரலங்க. அவளுக்காவது நான் இருக்கணும்லா." பையை என் தோளில் மாட்டிவிட்டாள். "இன்னும் கொஞ்ச நாளுதான. பல்லக் கடிச்சுக்கிடுதேன்."

அதற்குப் பிறகு கடையிலேயே காய் நறுக்கி டப்பாவில் போட்டு வீட்டுக்குக் கொண்டுபோனேன். பேட்டரி மாற்ற வருகிறவர்கள் வெண்டைக்காய் நறுக்குகிறவனைப் பார்த்துச் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். வேனிலைப் பள்ளியிலிருந்து நானே கூட்டிவந்து கடையில் வைத்துக்கொண்டேன். ஏதாவது சாக்குச் சொல்லி, கனியும் அவளும் தனியாக இருக்கிற நேரத்தைக் குறைத்தேன். பெற்ற தாயிடமிருந்து குழந்தையை ஒளித்துவைக்கிறோம் என்று எனக்கே அசிங்கமாக இருந்தது. கனி ஒருதரம்கூட ஏன் என்று கேட்கவில்லை. அதுதான் என்னை இன்னும் பயமுறுத்தியது.

ஒரு சாயங்காலம் மழை வருகிற மாதிரி இருட்டிக்கொண்டு வந்தது. வேனில் பஜ்ஜி வேண்டும் என்று அடம்பிடித்தாள். நான் சீவிக்கொண்டு வந்த வாழைக்காயைக் கனி மாவில் தோய்த்துப் பொரித்தாள். நல்ல மனநிலையில்தான் இருந்தாள். முடித்துவிட்டு, எண்ணெய்ச் சட்டியின் இரண்டு காதையும் துணியால் பிடித்து அடுப்பிலிருந்து தூக்கினாள். அந்த நேரம் பார்த்து, காகிதத்தில் செய்த பூ ஒன்றை எடுத்துக்கொண்டு வேனில் பின்னால் ஓடிவந்தாள். அம்மாவுக்கு வைக்க வேண்டும் என்று பின்னலைப் பிடித்து இழுத்தாள்.

கனி சட்டியோடு திரும்பினாள்.

நான் வாசற்படியில் நின்றேன். அவள் கண் வேனிலைப் பார்க்கவில்லை. வேறு யாரையோ பார்த்தது. சட்டி சாய்ந்தது, எண்ணெய் விளிம்புக்கு வந்தது, நேர் கீழே குழந்தையின் முகம். எனக்குக் கத்த வாய் வரவில்லை, கால் வரவில்லை. பயத்தில் ஒரு மனிதன் இவ்வளவு உபயோகமற்றுப் போவான் என்று அன்றைக்குத்தான் தெரிந்துகொண்டேன்.

சட்டி அங்கேயே நின்றது. ஒரு மூச்சு நேரம். பிறகு மெதுவாக நிமிர்ந்தது. கனி அதை அடுப்பில் வைத்துவிட்டுத் தரையில் உட்கார்ந்தாள். நான் வேனிலை அள்ளிக்கொண்டேன். வேனிலுக்கு ஒன்றும் புரியவில்லை. பூ எங்கே என்று தேடினாள்.

"நீங்களா என் கையப் புடிச்சீங்க?" என்று கனி கேட்டாள்.

நான் இல்லை என்றேன்.

"யாரோ புடிச்சாங்க" என்று முழங்கையைத் தடவிப் பார்த்துக்கொண்டே இருந்தாள். தாயுள்ளம் என்று நினைத்தேன். குலசாமி என்றும் நினைத்தேன். அன்றைக்கு எதையும் நம்பியிருப்பேன்.

கொஞ்ச நேரத்தில் பேச்சி பயிற்சி நிலையத்திலிருந்து வந்தாள். மூக்கில் கைக்குட்டையை வைத்திருந்தாள், கைக்குட்டையில் ரத்தம். வெயில் என்றாள். வானம் இருட்டிக்கொண்டு கிடக்கிறது, வெயில் என்கிறாள். அவள் உள்ளங்கையில் நகம் பதிந்த காயங்கள் இருந்தன. எனக்கு அதைப் பற்றி யோசிக்கத் தெம்பில்லை.

மறுநாள் கனிக்குத் தெரியாமல் ஆக்னஸ் மேடத்திடம் போனேன். ஜாமீனிலிருந்து விலகுகிறோம் என்றேன். பேச்சியை நினைக்காமல் இல்லை. ஆனால் எனக்கு ஒரு மகள் இருக்கிறாள், அவள் முகத்துக்கு நேரே அந்தச் சட்டியை நான் பார்த்தேன். என் மனைவியின் நிதானத்தை எல்லாம் அந்தப் பெண் உறிஞ்சிவிட்டாள், திருப்பிக் கொடுங்கள் என்று சத்தம் போட்டேன்.

மேடம் எல்லாவற்றையும் கேட்டார். பிறகு திரையில் ஏதோ திறந்து பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தார்.

"நாங்க பிள்ளை பக்கத்தை மட்டும்தான் சார் பார்ப்போம். பிள்ளைக்குக் கோவம் வருதா, அடங்குதா, அவ்வளவுதான். எல்லாம் நல்லா இருந்துச்சு. மத்தப் பக்கத்தை யாரும் திறக்கிறதில்ல." திரையை என் பக்கம் திருப்பினார். இரண்டு கோடுகள் ஓடின. "முதல் ரெண்டு மாசம் உங்க மனைவிகிட்ட இருந்து போயிருக்கு. நிறையப் போயிருக்கு. அப்புறம் நின்னுடுச்சு. மூணு மாசமா அங்கயிருந்து இங்க வருது."

"எங்கயிருந்து?"

"பேச்சிகிட்ட இருந்து. உங்க மனைவிக்கு." நேற்றுச் சாயங்காலத்தைத் தொட்டுக் காட்டினார். ஒரு கோடு செங்குத்தாக ஏறி, ஒரு கணம் நின்று, இறங்கியிருந்தது. "நேத்து அந்தச் சட்டியைப் பிடிச்சது இவதான் சார்."

இரண்டு பேட்டரியை இணைத்தால் நிறைந்ததிலிருந்து காலியானதற்கு ஓடும். எது நிறைந்தது என்று கம்பி கேட்பதில்லை. தினமும் இந்தக் கையால் செய்கிற வேலை இது, எனக்கு உறைக்கவே இல்லை.

"உங்க மனைவிகிட்ட இருந்ததைப் பொறுமைன்னு நாம எடுத்துக்கிட்டோம்" என்றார் மேடம். "அது மூடி சார். முப்பது வருஷமா ஒரே ஆளா அமுக்கிப் பிடிச்ச மூடி. அதுல பாதியை நான் வாங்கி இன்னொரு பிள்ளைக்குக் குடுத்துட்டேன்." பேச்சி விஷயம் வேறு. அவளை யாரும் அடிக்காத ஒரு வீட்டில் இருந்தாள், பயப்படாமல் தூங்கினாள், அவளுக்குச் சொந்தமாகவே ஒன்று வளர்ந்துவிட்டது என்றார்.

அப்படியானால் பொட்டு அப்படியே இருக்கட்டும் என்றேன். விலகுகிறேன் என்று கத்திய வாயாலேயே கெஞ்சினேன். மேடம் முடியாது என்று தலையாட்டினார். ஆறு மாதம் முடிந்ததும் கழற்றியே ஆக வேண்டும். குற்றம் செய்த பிள்ளைகளுக்குத்தான் பிணை உண்டு. குற்றம் செய்யாத பெரியவளுக்கு எந்தச் சட்டத்தில் கொடுப்பது?

"அப்ப அவ ஒரு குத்தம் செஞ்சா?"

"செஞ்சா ஜெயில் சார். பெரியவங்களுக்குப் பொட்டு கிடையாது."

ஒரு மனநல மருத்துவரின் பெயரை எழுதிக் கொடுத்தார். நல்ல டாக்டர், இந்த மாதிரிக் காயங்களுக்கென்றே இருப்பவர். போன் செய்தேன். முதல் சந்திப்புக்கே நான்கு மாதம் ஆகும் என்றார்கள். பொட்டைக் கழற்ற மிச்சம் இருந்தது ஒரு மாதத்துக்கும் குறைவு.

அன்றைக்குப் பேச்சியைப் பயிற்சி நிலைய வாசலிலிருந்து என் கடை ஆட்டோவில் கூட்டிவந்தேன். எப்படி ஆரம்பிப்பது என்று தெரியாமல் வண்டியை உப்பளத்துச் சாலை ஓரமாக நிறுத்தினேன். அவளாகவே சொன்னாள்.

"எனக்குத் தெரியும் மாமா. அத்தைக்குக் கோவம் வந்தா எனக்கு இங்கன இழுக்கும்." பிடரியைத் தொட்டுக் காட்டினாள். "எங்கப்பா இழுத்த மாரியே இருக்கும். மொதல்ல எனக்கும் கோவம் வரும். பொறவு, இது எனக்கு விழுத அடி இல்ல, அத்தைக்கு விழுந்த அடின்னு நெனச்சுக்கிடுவேன். மெதுவா மூச்ச விடுவேன். அங்க அத்தைக்குச் சரியாயிரும்."

அத்தையிடம் சொல்லிவிடலாமா என்று கேட்டேன்.

"வேண்டாம் மாமா. என்னையத் தாங்குதோம்னு நெனச்சுக்கிட்டு இருக்காவ. அதுலதான் நிக்காவ."

பதினாறு வயது. இதே கைதான் ஒரு மனிதனின் கண்ணைப் பறித்தது. அந்த மனிதருக்கு மாதாமாதம் ஒரு கடிதம் எழுதுகிறாள், அவர் பதில் போடுவதில்லை, இவளும் நிறுத்தவில்லை. பொட்டைக் கழற்றிய பிறகு என்ன செய்வோம் என்று நான் கேட்டேன். பெரிய மனுஷன் சின்னப் பெண்ணிடம் கேட்கிற கேள்வியா அது?

"பாத்துக்கிடலாம் மாமா" என்றாள்.

அந்தக் கடைசி வாரங்களில் நான் ஒழுங்காகச் சாப்பிடவில்லை. கனியோ தேறிக்கொண்டு வந்தாள். சொன்னபடி பல்லைக் கடித்து முடித்துவிட்டோம் என்ற தெம்பு அவளுக்கு. கழற்றிய அன்றைக்கே கத்திகளைத் திருப்பிக் கொண்டுவந்துவிடுங்கள், நறுக்கிய காய் வாடிப்போய் வருகிறது என்று சிரித்தாள். சரி என்று தலையாட்டினேன்.

கழற்றுகிற நாள் வந்தது. நாங்கள் நான்கு பேரும் ஆக்னஸ் மேடத்தின் அறையில் உட்கார்ந்திருந்தோம். கனி பட்டுச்சேலை உடுத்தியிருந்தாள். எல்லோருக்கும் கொடுக்க லட்டு வாங்கி வந்திருந்தாள். மேடம் அறிக்கையை வாசித்தார். நடத்தை மிக நன்று, பயிற்சியில் முதலிடம், ஆள் மீதோ பொருள் மீதோ ஒரு தவறும் இல்லை. வாசிக்கும்போது என்னைப் பார்க்கவில்லை. கழற்றுவதற்கான சின்ன இடுக்கி மேசையில் தயாராக இருந்தது.

பேச்சி எழுந்தாள். "பாப்பா, மாமாகிட்டப் போயி நில்லு" என்று வேனிலை என் பக்கம் அனுப்பினாள். மேசையிலிருந்த டீ டம்ளரை நடுவுக்கு நகர்த்தி வைத்தாள். ஜன்னலருகே போய், வெளியே குனிந்து இரண்டு பக்கமும் பார்த்தாள். கீழே யாருமில்லை என்று தெரிந்துகொண்டாள். ஜன்னலைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டாள். மேசைமேல் காகிதம் பறக்காமலிருக்க வைத்திருந்த கண்ணாடிக் குண்டை எடுத்து, முகத்தைத் திருப்பிக்கொண்டு வீசினாள்.

ஜன்னல் கண்ணாடி முழுதும் உடைந்து விழுந்தது. வேனில் வீறிட்டாள். பக்கத்து அறையிலிருந்து ஆட்கள் ஓடிவந்தார்கள்.

"என்ன காரியம்டி பண்ணுன? கடேசி நாள்ல என்ன காரியம் பண்ணுன?" கனி அவள் தோளைப் பிடித்து உலுக்கினாள். பிறகு அவளையே கட்டிக்கொண்டு அழுதாள். "மேடம், இவளச் சொல்லாதீங்க. நாந்தான் சரியாத் தாங்கல போலருக்கு. என் தப்பு மேடம்."

"ஏன் உடைச்ச?" என்று ஆக்னஸ் மேடம் கேட்டார். கேட்டுத்தான் ஆக வேண்டும், அவர் வேலை அது.

"கோவம் வந்துட்டு மேடம்" என்றாள் பேச்சி. ஒரு டம்ளர் தண்ணீர் கேட்கிற குரலில் சொன்னாள்.

மேடம் திரையைப் பார்த்தார். நானும் எட்டிப் பார்த்தேன். பேச்சியின் கோடு துளிகூட அசையாமல் நேராக ஓடிக்கொண்டிருந்தது. மேடம் திரையைச் சட்டென்று அணைத்துவிட்டுப் பேனாவை எடுத்தார். அவர் எழுதியதை நான் தலைகீழாகப் படித்தேன். பொதுச் சொத்துக்குச் சேதம். சுயக்கட்டுப்பாடு போதவில்லை. அதே ஜாமீனில் மேலும் ஆறு மாதம் நீட்டிக்கப் பரிந்துரை.

நான் செய்திருக்க வேண்டிய ஏதோ ஒன்றை ஒரு சின்னப் பெண் தன் பெயரைக் கெடுத்துக்கொண்டு செய்துவிட்டாள். எனக்கு அழுகையும் வந்தது, பயமும் வந்தது. டாக்டரைப் பார்க்க இன்னும் மூன்று மாதத்துக்கு மேல் இருந்தது. பார்த்த பிறகு கனி தேற எத்தனை காலம் ஆகும் என்று ஒருவருக்கும் தெரியாது. பேச்சிக்குப் பதினெட்டு முடியும்வரைதான் கண்ணாடி உடைக்கலாம். அதற்குப் பிறகு உடைத்தால் அதற்கு வேறு பெயர், வேறு இடம்.

வீட்டுக்குத் திரும்பும்போது ஆட்டோவை நான் ஓட்டினேன். பின்னால் கனி நடுவில், அவளுக்கு இந்தப் பக்கம் பேச்சி. வேனில் அந்தப் பக்கம் சீட்டில் முட்டிபோட்டு, பின் கண்ணாடி வழியாக ரோட்டை வேடிக்கை பார்த்துக்கொண்டு வந்தாள். கனி பேச்சியின் கையைத் தன் மடியில் வைத்துத் தட்டிக்கொடுத்துக்கொண்டே வந்தாள். "போனாப் போவுது. இன்னும் ஆறு மாசந்தான. பயப்படாத, நான் இருக்கேன்லா."

"ஆமா அத்தே" என்றாள் பேச்சி.

சிக்னலில் பூக்காரி வந்தாள். ஒரு முழம் வாங்கிக் கொடுத்தேன், வழக்கம்போலக் கனியின் கையில். வேனில் அதைப் பிடுங்கிக்கொண்டாள். நான் வண்டியின் கண்ணாடியில் பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் கை அம்மாவின் பின்னலுக்குப் போனது. நின்றிருந்த வண்டியில் என் கால் தானாகவே பிரேக்கை மிதித்தது.

கனியின் தோள் விறைத்தது. பேச்சி கண்ணை மூடிக்கொண்டாள். அவள் விரல்கள் மடங்கி உள்ளங்கைக்குள் போயின. மூச்சை மெதுவாக, மிக மெதுவாக விட்டாள். கனியின் தோள் இறங்கியது.

"மொல்ல வையி பாப்பா, முடி வலிக்குது" என்றாள் கனி, என்றைக்கும் பூ வைத்துக்கொள்கிறவள் மாதிரி.

பேச்சி கையை விரித்து, தாவணியில் துடைத்துக்கொண்டாள். கண்ணாடியில் என்னைப் பார்த்தாள்.

"சிக்னல் விழுந்துட்டு மாமா, போங்க" என்றாள்.